உஷார்! பளபளக்கும் ஃபைபருக்குள் மட்கிக் கிடக்கும் மரம்

ஃபைபர் மட்காது, துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது. இதைச் சொல்லித்தான் நம் கடற்கரையில் ஃபைபர் படகை விற்றார்கள், இதை நம்பித்தான் வாங்கினோம். ஃபைபரைப் பொறுத்தவரை அதில் பொய் இல்லை. ஆனால் படகின் பின்னால் எழுபது கிலோ அவுட்போர்டு இன்ஜின் தொங்குகிறதே, அந்தப் பின்பலகை வெறும் ஃபைபர் கிடையாது. பட்டறையில் டிரான்சம் என்று சொல்லும் அந்தச் சுவருக்குள் மரம் இருக்கிறது. வெளியே ஒரு ஃபைபர் தோல், உள்ளே ஒரு ஃபைபர் தோல், நடுவில் ஒன்றரை அங்குலக் கனத்துக்கு பிளைவுட். இன்ஜினைத் தாங்குவது அந்த நடுப்பலகைதான். அது மட்கும். பெயின்டின் பளபளப்புகூடக் குறையாமல், வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே மட்கும்.

உங்கள் படகுக்குப் பத்து வயது தாண்டிவிட்டதா? பின்பலகையை ஒருமுறையாவது தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த முறை கடலுக்குள் தள்ளுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

இதை இப்போது இவ்வளவு பதற்றத்தோடு சொல்லக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கட்டுமரம் கிடந்த இடமெல்லாம் ஃபைபர் படகு வந்து சேர்ந்தது. தேவை மலைபோல் இருந்தது. அந்த அவசரத்தில் புதிது புதிதாகப் படகுக் கூடங்கள் முளைத்தன. நல்ல கைகளும் இருந்தன, அரைகுறைக் கைகளும் இருந்தன. அந்தத் தலைமுறைப் படகுகளுக்கு இப்போது இருபது வயது. பல கை மாறி, பல நிறம் மாறி, இன்னும் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவுக் கரைகளில் பதினெட்டடி ஃபைபர் படகில் தொழில் செய்பவர்களுக்கும் இதே கதைதான். இதற்கு மேல் இன்னொன்று: சிறிய இன்ஜினுக்காகக் கட்டிய பின்பலகையில் இன்று 25, 40 குதிரைத்திறன் இன்ஜின்கள் தொங்குகின்றன. 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் இன்ஜினே எழுபது கிலோவைத் தாண்டும். அதே திறனில் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினால் எடை நூறு கிலோவை நெருங்கும். மரம் வயதாகி மெலிகிறது, சுமை கூடிக்கொண்டே போகிறது.

எடை மட்டும் இருந்தால்கூடப் பரவாயில்லை. இன்ஜினின் பிடி பின்பலகையின் மேல் விளிம்பில் இருக்கிறது. விசிறியோ அதற்கு அரை மீட்டருக்கும் கீழே, தண்ணீருக்குள் சுற்றுகிறது. விசிறி தள்ளும்போது அந்த நீளம் முழுவதும் நெம்புகோலாகிவிடும். பலகையின் கீழ்ப்பகுதியை முன்னால் அழுத்தும், மேல் விளிம்பைப் பின்னால் பிடுங்கும். அலையின் முகட்டில் ஏறிப் பொத்தென்று விழும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் தன் எடையைப்போலப் பல மடங்கு விசையில் பலகையை உலுக்கும். கரையேறும்போது விசிறி மணலில் முட்டினால் எதிர்ப்பக்கமாக ஒரு அடி. நல்ல மரம் இதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். மட்கிய மரத்தில் போல்ட் கடிப்பதற்கே எதுவும் இருக்காது. அப்போது முழுச் சுமையும் இரண்டு மெல்லிய ஃபைபர் தோல்களின் மேல் வந்து விழுகிறது. அந்தத் தோல்கள் தனியாக அதைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல.

முறிவது கரையில் முறிந்தால் இன்ஜின் மணலில் விழும், அவ்வளவுதான். கரையிலோ அது முறிவதில்லை. முழு வேகத்தில், அல்லது அலைவாயில், சுமை உச்சத்தில் இருக்கும்போதுதான் முறியும். இன்ஜின் போகும். அதோடு பின்பலகையின் ஒரு துண்டும் போனால் படகின் பின்பக்கம் திறந்த வாசலாகிவிடும். பின்னால் வரும் அலை நேராக உள்ளே ஏறும். வலையோடும் ஆளோடும் இருக்கும் படகு அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் மிதக்கும் என்று கடலில் கிடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? துளை வழியாகத்தான். இன்ஜின் போல்ட் போட்ட துளை, தண்ணீர் வடிய விட்ட அடைப்பான் துளை, மீன் காட்டும் கருவியின் சென்சாருக்காகப் போட்ட திருகு, கயிறு கட்ட வளையம் முடுக்கிய இடம், மேல் விளிம்பில் ஃபைபர் பிளந்த கோடு. துளையிட்டவர் உள்ளே மரம் தெரியும் அந்த விளிம்பை ரெசின் பூசி மூடாமல் விட்டிருப்பார். பிளைவுட்டின் வெட்டுமுகம் தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீர் இரண்டு தோல்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். வெயிலில் கிடத்தினாலும் அது வெளியேற வழி இல்லை. மரத்தின் ஈரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும்.

பலருக்கும் தெரியாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மரத்தை மட்க வைப்பதில் கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் கொடியது. உப்பு பூஞ்சையை ஓரளவு அடக்கி வைக்கும். நன்னீரில் அந்தத் தடை இல்லை. ஆகவே தினமும் கடலுக்குப் போய்வரும் படகைவிட, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடாமல், அணியம் தூக்கி, பின்பக்கம் தாழ்ந்து, உள்ளே மழைத் தண்ணீர் தேங்கிக் கரையில் கிடக்கும் படகுக்கு ஆபத்து அதிகம். பாதி நாள் தொழிலுக்குப் போகாத படகு புதுசுபோல இருக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள்.

இனி அடையாளங்கள். முதல் அடையாளம் உங்கள் கைக்கே தெரியும். இன்ஜின் கிளாம்ப் திருகை நேற்று இறுக்கினீர்கள், இன்று கால் சுற்று மறுபடி இறுகுகிறது, அடுத்த வாரம் இன்னொரு கால் சுற்று. “அதிர்வுல தளருது” என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அதிர்வில் தளரும் திருகை இறுக்கினால் பழைய இடத்திலேயே வந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகிறதென்றால், உள்ளே மரம் நசுங்கிக்கொண்டிருக்கிறது. கிளாம்ப் தட்டு பதிந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். போல்ட்டின் வாஷர் ஃபைபருக்குள் புதைந்து, சுற்றிலும் மெல்லிய விரிசல் ஓடியிருக்கும்.

அடுத்தது, இன்ஜினைப் பாதி தூக்கிய நிலையில் வைத்து, அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொருவர் பின்பலகையின் மேல் விளிம்பைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். விளிம்பு அசையவே கூடாது. கண்ணுக்குத் தெரிகிற அளவு வளைந்து நிமிர்ந்தால், சரிசெய்யும்வரை அந்தப் படகு கடலுக்குப் போகக் கூடாது. பின்பலகையும் பக்கச் சுவரும் சேரும் மூலைகளில் முடி போன்ற விரிசல்கள் இருக்கின்றனவா, துளைகளிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து காய்ந்த கறை இருக்கிறதா, இதையும் பாருங்கள். படகை மேட்டில் ஏற்றி இரண்டு நாள் ஆன பிறகும் ஒரு திருகைக் கழற்றினால் தண்ணீர் சொட்டுகிறதென்றால் சந்தேகத்துக்கே இடமில்லை.

தட்டிப் பார்ப்பது எளிய சோதனை. சின்னச் சுத்தியலின் பிடியால் மேலிருந்து கீழே, ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று இறுகிய ஓசை வரும். மட்கிய இடத்தில் ‘தொப்’ என்று செத்துப்போகும். அடைப்பான் துளையைச் சுற்றியும் இன்ஜின் போல்ட்டுகளுக்குக் கீழேயும் கூடுதலாகத் தட்டுங்கள். தண்ணீர் கீழே இறங்கித்தான் தேங்கும் என்பதால் அடிப்பகுதிதான் முதலில் போகும்.

ஓசையில் சந்தேகம் வந்தால் துளையிட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். படகின் உட்புறத்திலிருந்து, அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, போல்ட்டுக்கு அருகில் ஒன்று என்று மெல்லிய டிரில்லால், வெளித்தோலைத் தொடாமல் துளை போடுங்கள். வெளியே வரும் தூளை ஒரு வெள்ளைக் காகிதத்தில் பிடியுங்கள். மரம் நன்றாக இருந்தால் வெளிர்நிறச் சுருள்கள் உலர்ந்து உதிரும், டிரில் அழுத்தம் கொடுத்தால்தான் இறங்கும். மட்கியிருந்தால் உள்தோலைத் தாண்டியதும் டிரில் தானாகவே உள்ளே வழுகும். பிட்டில் கருப்பாக, ஈரமாக, நனைந்த மூக்குப்பொடி போல ஒட்டிக்கொண்டு வரும். முகர்ந்தால் புளித்த வாடை அடிக்கும். விரலால் நசுக்கினால் நார் இருக்காது, சேறுதான். அதைப் பார்த்த பிறகு அந்தப் பலகையை நம்பிக் கடலுக்குப் போக யாருக்கும் மனம் வராது. மரம் நன்றாக இருந்தால் சோதனைத் துளைகளை அன்றைக்கே எபாக்சி போட்டு அடைத்துவிடுங்கள். சோதனைக்குப் போட்ட துளையே தண்ணீருக்கு வழியாகிவிடக் கூடாது.

லாங் டெயில் டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்கள் இது நமக்கில்லை என்று நகர்ந்துவிட வேண்டாம். இன்ஜின் உட்காரும் கட்டைகளும் பல படகுகளில் ஃபைபரால் மூடிய மரம்தான். அங்கேயும் இதே துளை, இதே தண்ணீர், இதே மட்கல்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. மட்கியது தெரிந்த பிறகு வரும் ஆலோசனைதான் மட்கலைவிட ஆபத்தானது. “அண்ணே, மேலாப்புல ரெண்டு ஃபைபர் மேட் போட்டு மூடிடலாம், மூணு வருஷம் ஓடும்.” இதைக் கேட்காத படகுக்காரர் இருக்க மாட்டார். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈர மரத்தின் மேல் ரெசின் ஒட்டாது. மூடியதும் உள்ளே இருக்கும் ஈரம் இன்னும் பத்திரமாகச் சிக்கிக்கொள்ளும், மட்கல் நிற்காது. வெளியே மட்டும் தடித்த, வெள்ளையான, நம்பிக்கை தரும் தோற்றம். முன்பு இருந்த விரிசலாவது உங்களை எச்சரித்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த விரிசலும் மறைந்துவிடும்.

அலுமினியத் தகடு இன்னொரு மருந்து. மட்கிய பலகையின் இருபுறமும் தகடு வைத்து நீள போல்ட் போட்டு முடுக்கிவிடுவார்கள். ஓசை அடங்கும், ஆட்டம் குறையும். ஆனால் தகடுகளுக்கு நடுவே இருப்பது சேறு. போல்ட்டை இறுக்க இறுக்க அது இன்னும் நசுங்கும். தகட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்க ஒரு புது இடமும் கிடைக்கும். தகடு நல்ல மரத்தின் மேல் வைத்தால் சுமையைப் பரப்பும், நல்லதுதான். கெட்ட மரத்துக்கு அது வைத்தியம் கிடையாது.

துளைகள் போட்டு உள்ளே நீர்த்த எபாக்சியைச் செலுத்தினால் மரம் கல்லாகிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. ஒரே ஒரு போல்ட் துளையைச் சுற்றி விரல் அகலத்துக்கு மட்கியிருந்து, அதைக் காயவைக்கவும் முடிந்தால் அது பலிக்கலாம். பலகை முழுக்க ஈரமாக இருக்கும்போது எபாக்சி தண்ணீரைத் தள்ளிவிட்டு எங்கே போகும்? துளையைச் சுற்றி ஒரு குமிழாக நின்றுவிடும். மற்ற இடம் அப்படியே இருக்கும்.

வழி ஒன்றுதான். திறக்க வேண்டும், மட்கிய மரத்தை முழுசாக எடுக்க வேண்டும், புது மரம் வைக்க வேண்டும். செலவும் நாளும் பிடிக்கும், தெரியும். ஒரு இன்ஜினின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆளின் உயிரைக் கணக்கில் சேர்க்காமலேயே இது மலிவு.

வேலையைத் தொடங்கும் முன் இன்ஜினைச் சங்கிலிக் கப்பி வைத்து இறக்குங்கள். பிறகு படகை மட்டமாக, அடிப்பக்கம் பரவலாகத் தாங்கும்படி முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பின்பலகைதான் பக்கச் சுவர்கள் இரண்டையும் பிடித்து நிறுத்துகிறது. அதை வெட்டி எடுத்ததும் படகின் பின்பகுதி வடிவம் இழந்து விரியும், அல்லது அடிப்பக்கம் தொய்யும். அந்தத் தொய்வோடு புதுப்பலகையை ஒட்டிவிட்டால் படகு காலம் முழுவதும் கோணலாகத்தான் ஓடும். வெட்டுவதற்கு முன்பே இரண்டு விளிம்புகளுக்கும் குறுக்கே கட்டை வைத்துத் திருகி விடுங்கள். பின்பலகை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு கனம், இன்ஜின் உட்காரும் வெட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் அளந்து எழுதி, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டியபின் அளக்க எதுவும் மிச்சம் இருக்காது.

உட்புறத்திலிருந்து திறப்பது நல்லது. வெளித்தோல் அப்படியே இருக்கும், அதுவே புதுப்பலகைக்கு அச்சாகும். உள்தோலை ஓரங்களில் கொஞ்சம் விட்டு வெட்டி எடுத்ததும், அடியில் இருக்கும் மரம் கையாலேயே வழித்துக்கொண்டு வரும். மேல் மூலைகளிலோ நல்ல மரம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உளிக்கும் அசையாது. அங்கேதான் சபலம் வரும்: “இது நல்லாத்தானே இருக்கு, பாதியை வெச்சுக்கலாம்.” வேண்டாம். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் மரத்துக்குள்ளும் பூஞ்சை ஓடியிருக்கும். பாதி பழசு, பாதி புதுசு என்று ஒட்டினால் நடுவில் ஒரு மூட்டு விழும். சுமை அதிகமாக வரும் பலகையில் மூட்டு விழக் கூடாது. பின்பலகையோடு வந்து சேரும் நீளக் கட்டைகளின் முனைகளையும் இப்போதே குத்திப் பாருங்கள். பின்பலகை மட்கிய படகில் அவையும் மட்கியிருப்பது சகஜம். பக்கத்தில் அடைத்திருக்கும் மிதவை நுரை தண்ணீர் குடித்துக் கனத்திருந்தால் அதையும் தோண்டி எறியுங்கள்.

பிளைவுட் வாங்கும்போது ஏமாறாதீர்கள். கடையில் “வாட்டர் புரூஃப்” என்று சொல்லி நீட்டுவதெல்லாம் படகுக்கு ஆகாது. மெரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 710. ஐஎஸ் 303 என்பது பொது உபயோகத்துக்கானது, அலமாரிக்கும் மேஜைக்கும் போதும். பலகையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தைப் பாருங்கள், அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை இருந்தால் திருப்பிக் கொடுங்கள். அந்த ஓட்டைதான் நாளைக்குத் தண்ணீர்த் தொட்டி. 18 மி.மீ. பலகை இரண்டை ஒட்டிப் பழைய கனத்துக்குக் கொண்டுவருவது வழக்கம். உங்கள் இன்ஜின் கிளாம்ப் எவ்வளவு கனம் கேட்கிறது என்பதையும் இன்ஜின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மரமே இல்லாத கூட்டுப்பலகைகளும், ஊற்றி இறுக வைக்கும் கலவைகளும் வெளிநாட்டில் புழக்கத்தில் உண்டு. கிடைத்தால், விலை கட்டுபடியானால் நல்லவையே. நல்ல மெரைன் பிளைவுட்டை ஒழுங்காக மூடினால் அதுவும் நீண்ட காலம் உழைக்கும்.

வெட்டிய பலகையின் ஓரங்கள் எல்லாவற்றுக்கும், குடிக்கிற வரை குடிக்க விட்டு, இரண்டு மூன்று முறை ரெசின் கொடுங்கள். வெளித்தோலின் உட்பக்கத்தைச் சொரசொரப்பாகும்வரை கிரைண்ட் செய்து தூசி இல்லாமல் துடையுங்கள். பலகையை அதன் மேல் வெறும் ரெசின் தடவி ஒட்டக் கூடாது. நறுக்கிய இழையும் சிலிக்கா பொடியும் கலந்த கெட்டிப் பட்டியைப் பல் வைத்த கரண்டியால் இழுத்துப் பரப்பி, பலகையை அழுத்தி, இறுக்கிகள் போட்டு, சுற்றிலும் பட்டி பிதுங்கி வெளியே வருகிறதா என்று பாருங்கள். பிதுங்காத இடத்தில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். இறுகியபின் மறுபடி தட்டிப் பாருங்கள்.

பிறகு மூலைகளைப் பட்டியால் வளைவாக நிரவி, ஃபைபர் மேட்டும் நெய்த இழைத் துணியான ரோவிங்கும் மாறி மாறிப் போட வேண்டும். கூர்மையான மூலையில் இழை மடிந்து படியாது, உள்ளே காற்று நிற்கும். ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பக்கச் சுவரின் மேல் ஏற வேண்டும். பழைய ஃபைபரின் ஓரத்தை அதன் கனத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சாய்வாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். 5 மி.மீ. கனமென்றால் 60 மி.மீ. சாய்வு. அந்த மூட்டில்தான் முழுப் பலமும் இருக்கிறது. எல்லா அடுக்கையும் ஒரே மூச்சில் போட்டால் ரெசின் சூடேறி வெடிப்பு விடும். மூன்று நான்கு அடுக்குக்கு ஒருமுறை ஆறவிடுங்கள். எபாக்சியா பாலியெஸ்டரா என்றால், பழைய ஃபைபரில் எபாக்சி இன்னும் நன்றாகப் பிடிக்கும், விலையும் அதிகம். எபாக்சி போட்ட இடத்தின் மேல் பின்னால் பாலியெஸ்டர் போட்டால் சரியாக ஒட்டாது என்பதை நினைவில் வையுங்கள். பெயின்ட் வேலை உங்கள் விருப்பம், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இதைவிட உரக்கச் சொல்ல வேண்டியது ரசாயனங்களைப் பற்றி. பாலியெஸ்டர் ரெசினோடு இரண்டு சின்னக் குப்பிகள் வரும். ஒன்று கேட்டலிஸ்ட், தண்ணீர்போல நிறமில்லாதது. மற்றொன்று ஆக்சிலரேட்டர், கோபால்ட் கலந்த ஊதா நிறம். இந்த இரண்டையும் ஒருபோதும், ஒருபோதும் நேராகச் சேர்க்காதீர்கள். ஒரே கரண்டியால் அளக்காதீர்கள். சிந்தியதை ஒரே துணியால் துடைக்காதீர்கள். நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்து முடித்த பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும்.

கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் அதைத் தொடவே கூடாது. தெறித்துவிட்டால் அந்த நொடியே நல்ல தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிஷம் விடாமல் கழுவி, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடக் கூடாது. வேலை நடக்கும் இடத்தில் ஒரு குடம் நன்னீர் மூடி வைத்திருங்கள்.

ரெசினிலிருந்து வரும் அந்த நெடி ஸ்டைரீன். 31, 32 டிகிரி வெப்பத்திலேயே அது தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நம் ஊர்ச் சித்திரை வெயில் அதைத் தாண்டித்தான் இருக்கும். கை கழுவ வைத்திருக்கும் அசிட்டோன் இன்னும் மோசம். பக்கத்தில் பீடியா? வெல்டிங்கா? சமையல் அடுப்பா? வேலையை நிறுத்துங்கள். மிஞ்சிய ரெசினை வாளியோடு ஒரு மூலையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். கெட்டியாகக் குவிந்து கிடக்கும் ரெசின் தானே சூடேறிப் புகையும், அருகில் குப்பை இருந்தால் பற்றிக்கொள்ளும். மிச்சத்தை மணலில் மெல்லிசாகப் பரப்பி இறுகவிட்டு அப்புறப்படுத்துங்கள். கிரைண்டிங் தூசிக்கு வாயில் துண்டைக் கட்டினால் போதாது, அந்தக் கண்ணாடித் தூள் துண்டைத் தாண்டும். தூசிக்கும் ஆவிக்கும் ஏற்ற வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். கூலிக்கு வரும் தம்பிகளுக்கும் அதை வாங்கிக் கொடுப்பது படகுக்காரரின் கடமை.

கோடையில் செய்யுங்கள், மரமும் காயும், மழை பயமும் இல்லை. ஆனால் உச்சிவெயில் நேராக விழாமல் பந்தல் போட்டுக்கொள்ளுங்கள். சூட்டில் ரெசின் வாளியிலேயே இறுகுகிறதே என்று கேட்டலிஸ்ட்டைச் சொட்டுக் கணக்கில் குறைத்துவிட்டால் அது எத்தனை நாளானாலும் முழுதாக இறுகாது. ரெசின் டப்பாவில் சொன்ன அளவை எடை பார்த்துக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள்.

பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படகு முழுக்கப் பழைய பெயின்ட், பின்பலகை மட்டும் புது வெள்ளையாக இருந்தால் கேள்வி கேளுங்கள். அடைப்பானைக் கழற்றி, துளைக்குள் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைப் பக்கவாட்டில் அழுத்துங்கள். முனை இறங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். “ஒரு சின்னத் துளை போட்டுப் பார்க்கிறேன், நானே அடைத்துத் தருகிறேன்” என்று சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் கடலில் வைத்துப் பின்பலகை விரிசல் விட்டால்? இன்ஜின் வேகத்தைச் சட்டென்று குறைக்காதீர்கள். பின்னால் துரத்தி வரும் அலை அப்படியே பின்பக்கம் ஏறிவிடும். மெதுவாகக் குறைத்து நிறுத்துங்கள். ஆட்கள் அணியத்துப் பக்கம் நகருங்கள். எல்லோரும் உயிர்காப்பு மேலங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குழாயைக் கழற்றி, இன்ஜினைப் படகுக்குள் இழுத்துப்போட முடிந்தால் போடுங்கள், பின்பலகையின் சுமை உடனே குறையும். அணியத்திலிருந்து நங்கூரம் விடுங்கள். ஆழம் அதிகமென்றால் வலையையோ வாளிகளையோ கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து விடுங்கள், படகு அலைக்கு முகம் கொடுத்து நிற்கும். இந்தியக் கரையில் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இன்றைக்கே எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.

புதுப்பலகை முடிந்ததும் குறைந்தது ஒரு வாரம் இறுகவிட்டு இன்ஜினை ஏற்றுங்கள். போல்ட் துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, கெட்டி எபாக்சியால் முழுக்க அடைத்து, அது இறுகியபின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி மரமே தெரியாது. கடலுக்கு ஏற்ற பாலியூரித்தேன் சீலன்ட்டைப் போல்ட் முழுக்கத் தடவி, அகலமான ஸ்டெயின்லெஸ் வாஷர் வைத்து முடுக்குங்கள். முதல் சில நாள் கடலுக்குப் போய்வந்ததும் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். நாளைக்கு மீன் காட்டும் கருவியைப் பொருத்த ஒருவர் டிரில்லோடு வந்து நின்றால், பின்பலகையில் துளை போட விடாதீர்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் பலகையைப் பசை வைத்து ஒட்டச் சொல்லி, சென்சாரின் திருகுகளை அந்தப் பலகையில் மட்டும் முடுக்கச் சொல்லுங்கள்.